இருபது நிமிடம் தாங்கும் தாள்

ஆகஸ்ட் 25, திங்கள்

பதினான்காவது தாளும் போய்விட்டது. நான்கு நிமிடம் பத்து விநாடி. சூடான சாம்பார் சாதம் ஒரு கரண்டி வைத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். முதலில் அடியில் ஒரு வியர்வைத் துளி போல வந்தது. அப்புறம் மொத்தமும் என் செருப்பில்.

ஜோதியம்மாள் துடைப்பத்தோடு தயாராகவே நின்றிருந்தார். "ஹானிம்மா, இனிமே சாம்பார நேரா கீழயே ஊத்திரலாம். நடுவுல இந்தத் தாளு எதுக்கு?" என்றார். சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றும் போனது.

அருள்ராஜ் சார் சிரிக்கவில்லை. வேங்கிக்காலில் இந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்து, மண்டபம் கடற்கரையிலிருந்து காய்ந்த கடல்பாசியை மூட்டை மூட்டையாக வரவழைத்து, ஒன்றரை வருடமாக நாங்கள் மூன்று பேரும் இது ஒன்றைத்தான் செய்கிறோம். பாசியைக் காய்ச்சிக் கூழாக்கி, டிரேயில் ஊற்றிக் காயவைத்து, துளி பிளாஸ்டிக் இல்லாத ஒரு தாள். கிரிவலத்தில் அன்னதானம் கொடுக்கிறவர்களுக்காக. சாப்பிட்டு முடிக்க இருபது நிமிடம் தாங்க வேண்டும், பிறகு மண்ணில் கரைய வேண்டும். கரைவதெல்லாம் பிரமாதமாகக் கரைகிறது. தாங்குவதுதான் இல்லை.

"தீபம் வரைக்கும் பாக்கலாம் ஹானி. டிசம்பர் மூணு. அதுக்குள்ள நிக்கலன்னா ஷெட்ட காலி பண்ணிட்டு நான் பழைய கம்பெனிக்கே போயிடறேன்."

அவர் போய்விடுவார். நான் எங்கே போவது? எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சர்டிபிகேட் பீரோவில் கல்யாணப் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. ஃபராவுக்கு இரண்டரை வயது. "இந்த வருசம் நான் பாத்துக்கறேன். வருசம் முடிஞ்சா உன் புள்ள, உன் பாடு" என்று மாமி ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்.

செருப்பை மூன்று தடவை கழுவியும் பெருங்காய வாசனை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஃபராவுக்கு மூக்கொழுகல். நான்கு தடவை தெர்மாமீட்டர் வைத்தேன். நான்கு தடவையும் 98.4. ஐந்தாவது தடவைக்குக் காசிம் அதைப் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு உயரம் ஒரு வசதி.

செப்டம்பர் 4, வியாழன்

மாமாவின் கடையில் பேப்பர் தட்டு, டம்ளர், கவர் மொத்த வியாபாரம். அவரும் காசிமும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சாப்பிடும்போது மாமா ஆரம்பித்தார்: "ஊர்ல எவனாவது நம்ம கடைக்கு வேட்டு வெப்பான்னு பயந்துனு இருந்தேன். வெளிய எவனும் இல்ல. வீட்டுக்குள்ளயே சோறு போட்டு வளக்கிறேன்."

மாமி விடவில்லை. "நோன்பு தொறக்க பாலு ஊத்தி, ரோஸ் எசன்ஸ் உட்டு நான் காய்ச்சறேனே, அந்தக் கடல்பாசி. வாயில வெச்சா தானா கரையும். அதுல போயி சாம்பார் ஊத்தறாளாம்."

மாமி சொன்னதில் தப்பே இல்லை. வெறும் பாசிக்கூழ் என்றால் பாலாடை மாதிரிதான். உள்ளே எலும்பு போல ஏதாவது நார் வேண்டும். தேங்காய் நார் போட்டோம், ஓட்டை ஓட்டையாக வந்தது. பழைய பேப்பரைக் கூழாக்கிப் போட்டோம், மை சாதத்தில் இறங்கியது. வேறென்ன நார் இருக்கிறது இந்த ஊரில்?

செப்டம்பர் 10, புதன்

கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ். திரும்பும்போது பஸ் ஜன்னலில் பார்த்தேன். ஒரு மில் வாசலில் மலை மாதிரி மல்லாட்டைத் தோல், அதான் வேர்க்கடலைத் தோடு. ஒருவர் அதற்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் நாலு ஸ்டாப் தாண்டிய பிறகுதான் தோன்றியது. தோல் முழுக்க நார்தானே!

செப்டம்பர் 13, சனி

மில்காரர் வேடியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோலா? பருப்பு வேணாமா? தோலு மட்டுமா?"

"தோல் மட்டும் போதுங்க."

"எடுத்துக்கினு போம்மா. நீ எடுக்கலன்னா நான் கொளுத்தப் போறேன்." பின்னாலேயே குரல் வந்தது: "யாராவது கேட்டா மாட்டுக்குன்னு சொல்லு. தட்டு செய்யன்னு சொல்லாத, சிரிப்பாங்க."

இரண்டு மூட்டை. கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் போட்டார். பரவாயில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

முப்பத்தொரு நிமிடம்!!

தோலை அரைத்து, சலித்து, சலவைச் சோடாவில் வேகவைத்து, அலசி, கூழில் கலந்து ஊற்றியது. சாதம் ஆறியே போய்விட்டது. ஒரு துளி இறங்கவில்லை. எனக்குக் கை மரத்துவிட்டது. ஜோதியம்மாள் என் கையிலிருந்து தாளை வாங்கி, அப்படியே உட்கார்ந்து அந்தச் சாதத்தைச் சாப்பிட்டே விட்டார். "வேஸ்ட் பண்ணக்கூடாது."

அல்ஹம்துலில்லாஹ். சார் யாருக்கோ போன் செய்து கத்திக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 22, திங்கள்

நாள் முழுக்க தோல் சலித்தோம். தலைமுடி, துப்பட்டா எல்லாம் தூள். ஃபரா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். ராத்திரி பார்த்தால் கன்னத்தில் இரண்டு தடிப்பு. கொசு என்கிறார் மாமி. நாளைக்கே புதுக் கொசுவலை வாங்க வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

மாமாவிடம் ஒரு தாளைக் காட்டினேன். கட்டை விரலால் அழுத்தினார். காதருகே வைத்துச் சலசலக்க வைத்தார். இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தார். முகம் சிவந்ததே தவிர தாள் கிழியவில்லை.

"என்ன மாமா?"

"கலர் நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டார்.

அக்டோபர் 1, புதன்

நேற்று மறுபடி சலித்தோம். இன்று காலையில் ஃபராவின் கழுத்தில் தடிப்பு, கையிலும். கொசுவலைக்குள் கொசு எப்படி வந்தது? சோப்பை மாற்றினேன். மாமி தலையில் அடித்துக்கொண்டார்: "கொழந்தையா, பரிச்சைக்கூடமா?"

நான் ரொம்பத்தான் பயப்படுகிறேனோ.

அக்டோபர் 6, திங்கள். பௌர்ணமி

கிரிவலப் பாதையில் மாதாமாதம் அன்னதானம் போடும் குழுவின் தலைவர் சகாதேவன் ஐயா. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், எதையும் தட்டிப் பார்த்துத்தான் பேசுவார். இருபத்தைந்து தாளில் அவரே பொங்கல் வைத்து, அவர் ஆட்களிடமே கொடுத்துப் பார்த்தார். ஒன்றுகூட இறங்கவில்லை.

"தீபத்துக்கு அஞ்சாயிரம் போட முடியுமா?"

சார் என்னைப் பார்த்தார். நான் ஜோதியம்மாளைப் பார்த்தேன். ஜோதியம்மாள், "போட்டுரலாம் சாமி" என்றார், ஏதோ தோசை போடுகிற மாதிரி.

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாயிரம் என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

அக்டோபர் 11, சனி

எழுத வரல.

சாயங்காலம் வீட்டுக்குள்ள வந்ததும் ஃபராவைத் தூக்கினேன். என் துப்பட்டாவில வாயைத் துடைச்சா, எப்பவும் துடைக்கிற மாதிரிதான். பத்து நிமிஷம்கூட ஆகல, உதடு வீங்கிடுச்சு. கண்ணு வீங்கிடுச்சு. இருமல். காசிம் வண்டியை எடுத்தார், நான் செருப்புகூடப் போடல.

ஊசி போட்டு, அரை மணி நேரத்தில வீக்கம் வடிஞ்சது. இப்ப நல்லாத் தூங்கறா. மூச்சை எண்ணிக்கிட்டே இருக்கேன்.

"என்ன சாப்பிட்டா?" என்று டாக்டர் கேட்டார். புதிதாக ஒன்றுமில்லை என்றேன். முட்டை? பால்? மீன்? எல்லாம் சாப்பிடுவாள். "வேர்க்கடலை?"

கொடுத்ததே இல்லை. தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் இரண்டரை வருடமாக ஒரு பருப்புகூட வாயில் வைத்ததில்லை. மாமி கொடுக்க வந்தாலும் பிடுங்கிவிடுவேன்.

ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். செப்டம்பர் 22, சலித்தோம், தடிப்பு. செப்டம்பர் 30, சலித்தோம், மறுநாள் தடிப்பு. நேற்றும் சலித்தோம்.

கொசு இல்லை. நான்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. வேர்க்கடலை அலர்ஜி, நல்ல அளவில். "நம்ம பக்கம் கம்மி பேருக்குத்தான் இருக்கும்மா. ஆனா இருக்கு" என்றார் டாக்டர்.

மாமி, "வேலைய விட்டுடு" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வேலையை விட்டால் ஃபரா தப்பித்துவிடுவாள். தாள்? ஐந்தாயிரம் பேர். அதில் கம்மி பேர் என்றால் எத்தனை பேர்? பத்து? ஒன்று? சோடாவில் வேகவைத்தால் அந்த விஷயம் போய்விடுமா? தெரியாது. சூடான சாதம் பட்டால் தாளிலிருந்து இறங்குமா? தெரியாது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் ஆர்டர் போச்சு, ஷெட் போச்சு.

காசிமிடம் கேட்டேன். "நீ சொல்லாம இருந்துடுவியா? உன்னால முடியுமா? தெர்மாமீட்டர அஞ்சு தடவ வெக்கிற ஆளு நீ."

அக்டோபர் 15, புதன்

சொல்லிவிட்டேன்.

சார் முதலில் நம்பவில்லை. அப்புறம் கோபம். "ஹானி, நம்ம ஜில்லாவே மல்லாட்டையிலதான் ஓடுது. பஸ் ஸ்டாண்டுல வறுத்துத் தின்னுட்டு தோல மெறிச்சினுதான் எல்லாரும் நடக்கிறோம். எவனுக்காவது ஒண்ணு ஆச்சா?"

"ஃபராவுக்கு ஆச்சு சார்."

"அது உங்க கொழந்த. நீங்க எப்பவுமே கொஞ்சம் ஜாஸ்தியா பயப்படற ஆளு."

எங்கேயோ குத்தியது. அழுதுவிடுவேன் என்று நினைத்தேன், அழவில்லை. "ஆமா சார், ஜாஸ்திதான் பயப்படறேன். தட்டுல மல்லாட்டை இருந்தா பாத்து ஒதுக்கிடலாம். தட்டே மல்லாட்டைன்னா எதை சார் ஒதுக்கறது?"

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜோதியம்மாள் அடுப்பை அணைத்தார். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் போனால் மூட்டைகள் வெளியே கிடந்தன. சார் தனியாக இழுத்துப் போட்டிருக்கிறார். சல்லடை, டிரே, அரவை மெஷின் ஜாடி எல்லாமே வெளியே. சட்டை முழுக்க வியர்வை.

"சகாதேவன் ஐயாகிட்ட சொல்லிட்டேன். அடுத்த பௌர்ணமிக்குள்ள வேற தாள் காட்டணுமாம். இல்லன்னா தையல் இலைக்குச் சொல்லிடுவாராம்." பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "பாப்பா எப்படி இருக்கா?"

ஷெட்டை மூன்று தடவை கழுவினோம்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கு, சோமாஸ் வந்தது. என்ன எண்ணெய், உள்ளே என்ன என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன். கஸ்தூரி அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "சோமாஸ்ல பொட்டுக்கடலைதான். ஆனா அந்தக் கைமுறுக்கு வேணாம்மா, கடையில வாங்குனது, எனக்கே தெரியாது" என்று பிரித்துக் கொடுத்தார்.

கேட்டால் சொல்கிறார்கள். நான்தான் இத்தனை நாள் கேட்கக் கூச்சப்பட்டேன்.

வெடிச் சத்தத்துக்கு ஃபரா என் முந்தானைக்குள்ளேயே இருந்தாள்.

அக்டோபர் 25, சனி

கரும்புச் சக்கை. செங்கம் ரோட்டில் ஜூஸ் வண்டிக்காரர்கள் கொட்டுவது. நார் நீளமாக இருக்கிறது, நன்றாக வேகிறது. யாருக்காவது இது அலர்ஜி என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. டாக்டருக்கும் போன் போட்டுக் கேட்டேன். இரண்டு தடவை.

பதினோரு நிமிடம். தடிமனாக ஊற்றினால் காயவே மூன்று நாள் ஆகிறது, நடுவில் வெடித்துவிடுகிறது. மழை வேறு.

பௌர்ணமிக்கு இன்னும் பதினொரு நாள்.

அக்டோபர் 30, வியாழன்

இருபத்தாறு நிமிடம். ஆனால் ஒரே ஒரு தாள்தான். அதே கூழ், அதே டிரே, அதே அடுப்பு. மற்றதெல்லாம் பதினொன்று, பன்னிரண்டு. இது மட்டும் எப்படி?

கேட்டுக்கேட்டு, மூன்று மணிக்கு ஜோதியம்மாள் ஒத்துக்கொண்டார். "திட்டமாட்டீங்களே?"

"மாட்டேன்."

"பாதி ஊத்தறப்ப கரண்ட் போயிடுச்சு. பொண்ணு வேற போன் பண்ணா. பேசிட்டு வந்தா ஊத்தினது ஆறி ஆடை கட்டிக்கிச்சு. கீழ கொட்ட மனசு வரல. மீதிய அந்தாண்ட பக்கவாட்டுல நின்னு அது மேலயே ஊத்தி இழுத்துட்டேன். சொன்னா திட்டுவீங்கன்னு..."

அந்தாண்ட பக்கம்! முதலில் நெடுக்காக இழுத்தது, இரண்டாவது குறுக்காக. நாரும் அப்படித்தானே படுத்திருக்கும்? ஒன்று நெடுக்கு, ஒன்று குறுக்கு. தடிமனாக ஒரு தடவை ஊற்றக்கூடாது. மெல்லிசாக இரண்டு தடவை ஊற்ற வேண்டும்.

கட்டிப்பிடித்துக்கொண்டேன். "விடுங்க, மூச்சு முட்டுது. அப்ப திட்டலியா?"

நவம்பர் 5, புதன். பௌர்ணமி

மழையில் டெமோ. ஐயா பொங்கல் வைக்கவில்லை, கொதிக்கக் கொதிக்க சாம்பார் சாதம் வைத்தார். இருபத்திரண்டு நிமிடம். அடியில் விரலை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது.

ஆனால் மழை ஈரத்தில் கட்டு முழுக்க ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பாதி கிழிந்தது. ஐயா அதையும் பார்த்தார்.

"அஞ்சாயிரத்துக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. ஆயிரத்தைந்நூறு குடுங்க. மீதிக்கு இலை சொல்லிடறேன்." கிளம்பும்போது சாரிடம், "மல்லாட்டை விசயத்த நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க. அதுக்குத்தான் இந்த ஆயிரத்தைந்நூறு" என்றார்.

சார் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் திரும்பி வரும்போது ஆட்டோவை நிறுத்தி மூன்று பேருக்கும் சுண்டல் வாங்கினார். வெள்ளைக் கொண்டைக்கடலை. கடைக்காரரிடம் அவரே கேட்டார்: "மல்லாட்டை கலக்கலியே?"

நவம்பர் 17, திங்கள்

ஷெட் ஒழுகுகிறது. காய்ந்த தாள்களை வைக்க ஈரமில்லாத இடம் வேண்டும். ஊரிலேயே ஈரமில்லாத பரண் எங்கள் மாமாவின் கடைப் பரண்தான்.

மாமா தாள் கட்டு ஒன்றைக் கையில் எடுத்தார். அரை மணி நேரத்தில் ஓரம் பிசுபிசுத்தது. உள்ளே போய், பெரிய பிளாஸ்டிக் கவர் ஒரு பண்டல் கொண்டுவந்து, கட்டுக்கு ஒன்றாகப் போட்டு வாயைச் சுருட்டி ஒட்டினார்.

பிளாஸ்டிக் வேண்டாம் என்றுதான் இந்தத் தாள். தாள் நனையாமல் இருக்க பிளாஸ்டிக்.

மாமா இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எங்க கடை இல்லாம உங்க கம்பெனி நடக்காதும்மா!" நானும் சிரித்துவிட்டேன். ஈரத்துக்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும், நிஜம்தான். இந்த வருடம் இவ்வளவுதான் முடிந்தது.

நவம்பர் 28, வெள்ளி

ஆயிரத்து நானூற்றுப் பத்து தாள் ஆகிவிட்டது. இன்னும் தொண்ணூறு.

டிசம்பர் 3, புதன். தீபம்

காலிலிருந்து கழுத்து வரை வலி. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காசிம் தூறலில் வண்டியில் நான்கு நடை கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார். நானும் வரிசையில் நின்றேன். முறை வந்தபோது கரண்டி சாதம் என் தாளில் விழுந்தது. சூடு உள்ளங்கையில் இறங்கியது. சாம்பார் இறங்கவில்லை. அங்கேயே நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யம்மா, சாதத்தப் பாத்துனே நிக்கிறியே, நகரு! பின்னால எவ்ளோ பேரு இருக்காங்க!" பரிமாறுகிற பெண்மணிக்கு என்ன தெரியும்.

ஒரு பெரியவர் தாளை ஓரமாக மடித்துக் கிண்ணம் மாதிரி செய்து ரசம் கேட்டு வாங்கினார். ரசத்துக்கு நாங்கள் சோதித்ததே இல்லை! எனக்கு உயிரே போய்விட்டது. அவர் நிதானமாக உறிஞ்சிவிட்டு மடிப்பைப் பிரித்தார்.

ஆறு மணிக்கு மலை மேல் தீபம் தெரிந்தது. கூட்டம் முழுக்க ஒரே குரலாக எழுந்தது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். நான் தாள்களின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பிடித்து மலைப் பக்கம் திருப்பிவிட்டார். "கொஞ்ச நேரம் அதையும் பாருங்க."

கிழிந்தது ஒன்பது. மீதியெல்லாம் நின்றது.

டிசம்பர் 8, திங்கள்

சாப்பிட்டுப் போட்ட தாள்களை ஷெட்டுக்குப் பின்னால் குழியில் கொட்டி வைத்திருந்தோம். ஐந்து நாள் மழை. இன்று சார் கம்பை விட்டுக் கிளறினார். கறுப்புச் சேறு, அங்கங்கே சக்கை நார். தாள் என்று எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை.

"ஹவுஸ் ஓனர்கிட்ட பேசிட்டேன்" என்றார். "ஷெட்டு ஏப்ரல் வரைக்கும் நமக்குத்தான். சகாதேவன் ஐயா தைப் பௌர்ணமிக்குக் கேக்கறாரு. நீங்க வருவீங்கல்ல?"

மாமியைக் கேட்க வேண்டும் என்றேன். மாமியே பக்கத்தில்தான் இருந்தார். இன்று முதல் தடவையாக ஷெட்டைப் பார்க்க வந்தார், ஃபராவை இடுப்பில் வைத்துக்கொண்டு. சுற்றிலும் பார்த்துவிட்டு, "நான் காய்ச்சறதவிட கட்டியாத்தான் இருக்குது" என்றார். "தைக்கு இன்னும் நாளிருக்கு. பாத்துக்கறேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஃபரா கீழே இறங்கிவிட்டாள். மேஜைமேல் புதிதாகக் காய்ந்த தாள் ஒன்று. திரும்பிப் பார்த்தால் ஓரத்தைக் கடித்து மென்றுகொண்டிருக்கிறாள்.

ஓடினேன். வாயில் விரலை விட்டேன், விழுங்கிவிட்டாள். பையிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்த அவசர மருந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாசி, சக்கை, பாசி, சக்கை, வேறு ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும், நான்தானே செய்தேன். இருந்தாலும் அந்த உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பத்து நிமிடம். இருபது. அரை மணி நேரம்.

உதடு உதடாகவே இருந்தது.

"ம்மா, இன்னும்" என்று கையை நீட்டினாள்.

ஒரு சின்னத் துண்டு கிழித்துக் கொடுத்தேன்.